தாலாட்டு சார் வேலையை விட்டு அனுப்பினால்

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் எத்தனையோ கம்பெனிகள். எல்லாக் கம்பெனியிலும் ஆட்களை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். அழ வைத்து அனுப்பியிருக்கிறார்கள், மெயில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், செக்யூரிட்டியைத் துணைக்குக் கொடுத்து வாசல்வரை கொண்டுவிட்டும் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அனுப்பப்பட்ட ஆளுக்கே விஷயம் தெரியாமல் அனுப்பிய ஒரே மனிதர் எங்கள் தாலாட்டு சார்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வேலையிலிருந்து நீக்கிய ஆள், திங்கட்கிழமை காலையில் டிபன் பாக்ஸோடு வந்து தன் சீட்டில் உட்கார்ந்து, "ஏன் இன்னும் ஏசி போடல?" என்று கேட்பார்.

இரும்புலியூரில் ஒரு சோபா கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்காவில் யாருக்கோ முழங்கால் வலித்தால், அதற்கு ஆஸ்பத்திரிக்காரன் போட்ட பில் சரியா என்று இங்கே உட்கார்ந்து பார்க்கிற வேலை. நான் ஒரு டீமுக்கு லீடர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது என் டீமுக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியும், கீழே சோபா விற்கிறவருக்கும் தெரியும். தாலாட்டு சார் எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர். அவருடைய நிஜப் பெயர் ஆஃபர் லெட்டரின் அடியில் கையெழுத்தாக இருக்கும். அதை இதுவரை யாரும் படித்து முடித்ததில்லை.

பெயர்க் காரணம் அவர் குரல். தடித்த, தாழ்ந்த, அவசரமே இல்லாத குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச்சில் பாடகர் குழுவில் நின்று பாடுவார். பாடுவதில் பிரச்சினை இல்லை. ஒருமுறை பைபிள் வாசிக்க விட்டிருக்கிறார்கள். முதலில் குழந்தைகள் தூங்கியிருக்கின்றன, பிறகு வரிசை வரிசையாகப் பெரியவர்கள். கடைசியில் ஆயரும் கண் அசந்துவிட்டாராம். அதன்பிறகு அவருக்கு வாசிப்புப் பொறுப்புக் கொடுப்பதில்லை என்று எங்கள் ஜெரால்ட் சொன்னார். ஜெரால்ட் இன்னொரு டீமின் லீடர், அதே சர்ச்சுக்குப் போகிறவர், அன்று தானும் தூங்கியவர்.

இப்படிப்பட்ட குரலுக்கு ஒரு நாற்காலி வேறு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எவரோ பழைய வீட்டைக் காலி செய்து போட்டிருந்த பிரம்புச் சாய்வு நாற்காலி. அதை ஆட்டோவில் கட்டி எடுத்துவந்து தன் ரூமில், ஜன்னல் ஓரமாகப் போட்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே சாலை, அதற்கப்பால் ரயில் பாதை. கண்ணாடி கனமானது என்பதால் பஸ்களின் சத்தமெல்லாம் வடிகட்டி, வெறும் முணுமுணுப்பாகத்தான் உள்ளே வரும். மின்சார ரயில்கள் ஓசையே இல்லாமல் நகர்ந்துபோகும். விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று எங்கேயோ வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

"ஹெச்.ஆர். ரூமுக்கு எதுக்கு சார் ஈஸிசேர்?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"கோவமா வர்றவங்க நிமிர்ந்து உக்காந்தா கோவமும் நிமிர்ந்தே உக்காந்திருக்கும்மா. சாஞ்சா அது எறங்கிடும்."

நான் நம்பவில்லை. நம்புகிற ஜாதியா நான்? என் டீம் நான்கு மாதம் முட்டி மோதிச் செய்த ப்ராஜெக்ட்டைத் தூக்கி இன்னொரு டீமுக்குக் கொடுத்தார்கள். ராஜினாமாவை வாயில் வைத்துக்கொண்டு அவர் ரூமுக்குள் நுழைந்தேன். கதவைச் சாத்தின விதத்தில் வெளியே பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்களாம். "உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன். "முதல்லேருந்து சொல்லு" என்றார். சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்டார், அது என் சின்ன வயசைப் பற்றியது என்று ஞாபகம். அப்புறம் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பச்சை ரயில் போனது.

வெளியே வந்தபோது என் இடது கன்னத்தில் பிரம்புப் பின்னல் அச்சு அச்சாகப் பதிந்திருந்தது.

"அக்கா, ராஜினாமா என்ன ஆச்சு?" என்று கேட்டாள் என் டீமில் ஒருத்தி.

"என்ன ராஜினாமா?" என்றேன். சத்தியமாக எனக்கு ஞாபகம் வர ஐந்து நிமிடம் ஆனது. ஞாபகம் வந்த பிறகு கோபத்தைத் தேடிப் பார்த்தேன், எங்கேயும் காணவில்லை. அந்தக் கடுப்பே எனக்கு இரண்டு நாள் இருந்தது.

ராஜினாமா செய்ய வருகிறவர்களை இப்படித் தூங்கவைத்துத் திருப்பி அனுப்புவது கம்பெனிக்கு லாபம்தான். எதிர்ப்பக்க வேலைதான் அவருக்கு வரவில்லை. பாஸ்கர் என்று ஒரு பையன். வேலைக்கு வந்தால் போனில் இருப்பான், போனில் இல்லாவிட்டால் வேலைக்கு வரமாட்டான். அனுப்பிவிடச் சொல்லி அப்போதிருந்த மேனேஜர் உத்தரவு போட்டார். தாலாட்டு சார் பாஸ்கரை உள்ளே அழைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த பாஸ்கர், நேராகக் கீழே போய் எல்லோருக்கும் சமோசா வாங்கிவந்தான்.

"என்னடா விசேஷம்?"

"சார் என்னோட ஃப்யூச்சர் பத்திப் பேசினாருக்கா. இவ்ளோ நாள்ல யாருமே என்கிட்ட அப்படிப் பேசினதில்ல. எனக்குள்ள பெரிய ஆகாயம் இருக்காம். அதை இந்த மூணாவது மாடியில அடைச்சு வெக்கக் கூடாதாம்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"ப்ரமோஷன்னு நெனைக்கிறேன்."

திங்கட்கிழமை வந்தான். அவனுடைய கார்டு கதவைத் திறக்கவில்லை. வாசலில் எங்கள் செக்யூரிட்டி கண்ணன் அண்ணன். "இன்னாபா, கார்டு படுத்துதா? வா, நான் தொறக்கறேன்" என்று தன் கார்டைத் தேய்த்து உள்ளே விட்டார். பாஸ்கர் மாதக் கடைசிவரை வந்தான். விஷயம் மேனேஜருக்குத் தெரியவந்தபோது, அந்த மாதம் அந்த டீமிலேயே அதிகப் பில் பார்த்து முடித்தவன் பாஸ்கர். தனக்குள் ஆகாயம் இருப்பதாக நம்பிவிட்டான், பாவம். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு அவனை மறுபடியும் சேர்த்துக்கொண்டார். நீக்கப்பட்டதும் சேர்க்கப்பட்டதும் இன்றுவரை பாஸ்கருக்குத் தெரியாது. இதைப் படித்தால்தான் உண்டு.

இதற்கு நடுவில் டீம் லீடர்களுக்கெல்லாம் லீடர்ஷிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. மற்ற கிளைகளில் ஈ.சி.ஆர். கடற்கரையில் ரிசார்ட் பிடித்து, கண்ணைக் கட்டிக்கொண்டு கயிறு இழுத்தார்கள். எங்களைத் தாலாட்டு சார் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப்போனார். போனவர், புலியைப் பார்க்க விடவில்லை, சிங்கத்தைப் பார்க்க விடவில்லை. நேராக நீர்யானை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மத்தியானம்வரை அங்கேதான்.

ஜெரால்டுக்குப் பொறுக்கவில்லை. "சார், இதுல நாங்க எடுத்துக்க வேண்டிய லீடர்ஷிப் பாயின்ட் என்ன சார்?"

"அது என்ன செய்யுது, பாருங்க."

ஜெரால்ட் பார்த்தார். "ஒண்ணுமே செய்யல சார்."

"ஆமா. தண்ணி எவ்ளோ அமைதியா இருக்கு, பாருங்க."

நாங்களும் பார்த்தோம். மரத்து நிழல் தண்ணீரில் விழுந்திருந்தது. ஒரு காது மட்டும் ஒருமுறை ஆடியது. நான் கையில் போனை எடுக்காமல் ஒரு முழு மத்தியானத்தைக் கழித்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. திரும்பி வந்தபின் ஒரு வாரம் ஜெரால்ட் யாரையும் திட்டவில்லை, அவர் டீமில் இரண்டு பேர் அவருக்கு உடம்பு சரியில்லையா என்று வந்து விசாரித்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கப்பலில்தான் சுகந்தி மேடம் ஏறினார். ஹெட் ஆபீஸிலிருந்து வந்த புது ஆபரேஷன்ஸ் ஹெட். வந்த முதல் வாரமே சுவரில் பெரிய டி.வி. மாட்டினார். அதில் எல்லோருடைய பெயரும் இருக்கும். வேகமாக வேலை செய்தால் பெயர் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், பின்தங்கினால் சிவப்பு. பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் பச்சை மஞ்சளாகிவிடும் என்று பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தியவர்கள் உண்டு. மேடம் கெட்டவர் இல்லை. ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரனோடு போன், காலையில் எங்களோடு மீட்டிங். கையில் எப்போதும் காபி. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருக்கும். அவர் எப்போது தூங்குகிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். தூங்குவதில்லை என்பதுதான் பதில்.

சிவப்பிலேயே குடியிருந்த ஒரு பெயர் ரேவதி. என் டீம். கோவளம் தாண்டி ஒரு மீனவக் குப்பத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வருவாள். அம்மா கூடையில் மீன் விற்கிறவர், அப்பா கடலுக்குப் போய்க்கொண்டிருந்து முதுகு போய் வீட்டோடு உட்கார்ந்தவர். வீடு ஓடுவது ரேவதி சம்பளத்தில். வேலையில் தப்பு வராது, வேகமும் வராது. காலையில் பஸ் எப்போது வருமோ அப்போதுதான் அவள் வருவாள். வந்த புதிதில் ஒருநாள் லேட்டாகி அவள் அழுதபோது, "பஸ் வர்ற நேரம்தாம்மா உன் ஷிஃப்ட் நேரம்" என்று தாலாட்டு சார் சொல்லிவிட்டார். மற்ற கம்பெனிகளில் கடிகாரத்தை வைத்து ஷிஃப்ட் போடுவார்கள். எங்கள் ஆபீஸில் ஒருத்திக்கு மட்டும் போக்குவரத்துக் கழகம் போட்டது.

சுகந்தி மேடம் பழைய விவரங்களைக் கிளறிப் பார்த்திருக்கிறார். ஒரு புதன்கிழமை காலையில் எங்கள் எல்லோர் முன்னாலும் தாலாட்டு சாரைக் கேட்டார்:

"சார், இந்த ஆபீஸ்ல நீங்க வேலைய விட்டு எடுத்தவங்கதான் சீனியர்ஸா இருக்காங்க. எப்படி?"

"நல்ல பசங்க மேடம்" என்றார் சார்.

"வர்ற வெள்ளிக்கிழமை ரேவதிகிட்ட நேரா, தெளிவா சொல்லப்போறீங்க. நான் கூட இருப்பேன். டீம் லீடரும் இருக்கணும். திங்கட்கிழமை அந்தப் பொண்ணு வந்து நின்னா, அதோட நீங்க வர வேண்டியதில்ல."

ரேவதி அன்று இன்னும் வந்து சேரவில்லை. பஸ். தாலாட்டு சார் தலையை ஆட்டிவிட்டுத் தன் ரூமுக்குப் போய்விட்டார். அவருக்கு ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷங்கள் இருந்தன. அஸ்தினாபுரத்தில் வாடகை வீடு, பையன் காலேஜில் இரண்டாம் வருஷம். இந்த வயதில், இந்தக் குரலை வைத்துக்கொண்டு, எந்தக் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை கிடைக்கும்? ஒரு பக்கம் ரேவதி, ஒரு பக்கம் இவர். ரேவதிக்கு வேறு இடம் பார்த்துவிடலாம், சின்னப் பெண் என்று ஜெரால்ட் சொன்னார். நானும் அரை மனதாக அதற்கு ஒத்துக்கொண்டேன். ஆக, வெள்ளிக்கிழமைக்குள் தாலாட்டு சாருக்கு ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்பக் கற்றுக்கொடுத்தாக வேண்டும்.

பயிற்சி நடந்த இடம் கீழே டீக்கடை. பயிற்சியாளர்கள் நான், ஜெரால்ட், செக்யூரிட்டி கண்ணன் அண்ணன். இதில் அனுபவசாலி கண்ணன் அண்ணன்தான். அவரை எத்தனையோ கம்பெனியில் அனுப்பியிருக்கிறார்கள்.

"சார், நீ சொம்மா கொழையாத" என்றார் கண்ணன் அண்ணன். "மூஞ்சிய நேரா பாரு. 'இந்தாம்மா, நாளிலேர்ந்து வராத'ன்னு சொல்லு. சொல்லிட்டு திரும்பிக்கோ. திரும்பிக்கினா பேஜாரே இல்ல."

"திரும்பிக்கிட்டா அந்தப் பொண்ணு முகம் தெரியாதே கண்ணா" என்றார் சார்.

"அதுக்குத்தான் சார் திரும்பிக்கறது."

யாரிடமாவது சொல்லிப் பழகட்டும் என்று டீ மாஸ்டரைக் காட்டினேன். "இவர வேலைய விட்டு எடுங்க சார். ஒரே வாக்கியம்."

தாலாட்டு சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாஸ்டர்" என்றார். மாஸ்டர் நிமிர்ந்தார். "உங்க கையப் பாத்துக்கிட்டே இருந்தேன். எத்தனை வருஷமா இந்தச் சூட்டுலயே நிக்கிறீங்க. ஒருநாளாவது மத்தியானத்துல வீட்டுல படுத்து, ஃபேன் சுத்தறதப் பாத்திருக்கீங்களா?"

மாஸ்டர் வடிகட்டியைக் கீழே வைத்தார். அப்புறம் அடுப்பை அணைத்தார், ஷட்டரை இறக்கினார், வீட்டுக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் இரும்புலியூரில் எங்கள் தெருப்பக்கம் முழுக்க டீ கிடையாது. கண்ணன் அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஒரு மனிதனை வேலையை விட்டு அனுப்புவதில் தாலாட்டு சார் ஜெயித்தது அந்த ஒருமுறைதான். அதுவும் ஆள் மாறிப்போய்.

மறுநாள் கடை திறந்திருந்தது. பயிற்சியைத் தொடர்ந்தோம். ஜெரால்ட் ஊழியராக நடித்தார், நான் பக்கத்தில் நின்று, "சார், குரலை ஏத்துங்க, ஏத்துங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்போது பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள் ரேவதி.

"இன்னாக்கா, சாரப் போயி அல்லாரும் மெரட்டிகினு கீறீங்க?"

நாங்கள் மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்தோம். கண்ணன் அண்ணனுக்குத்தான் வாய் நிற்காது. "உன்ன அனுப்பறதுக்குத்தாம்மா ட்ரெய்னிங்கு. நீ போவலன்னா சாரு வேல காலி."

ரேவதி டீயை வாங்கிக்கொண்டாள். பாதிவரை குடித்தாள். அவள் அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

"சார்" என்றாள். "நீங்க ஒண்ணும் கஷ்டப்பட்டு சொல்ல வேணாம். நாளிக்கி நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி எனக்குப் புரிஞ்சிபோச்சுன்னு சொல்லிட்றேன். திங்கக்கெழம வரமாட்டேன். வூட்ல அம்மாகூட கூடை தூக்கினா போச்சு. உங்க வேல போவக்கூடாது சார்."

தாலாட்டு சார் கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு வேளை முடிந்து, ஆபீஸே லேசாக மயங்கிக் கிடக்கிற நேரம். அவர் ரூமில் நாங்கள் நான்கு பேர். மேடம் நின்றுகொண்டிருந்தார், கையில் காபி. சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. ரேவதிக்கு ஸ்டூல் போட்டிருந்தேன், ஏனென்றால் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும்.

தாலாட்டு சார் ஆரம்பிப்பதற்குள் ரேவதி எழுந்துவிட்டாள். மனப்பாடம் செய்து வந்திருந்தாள் போல. "சார், நீங்க சொல்ல வர்றது எனக்குத் தெளிவா புரிஞ்சிடுச்சி. நான் வேலைய விட்டுப் போறேன். திங்கக்கெழம வரமாட்டேன். தேங்க்ஸ் சார்."

மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "வெரி குட். அவ்வளவுதான் சார், முடிஞ்சது."

முடிந்தேதான் போனது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது. சும்மா இருப்பதில் இந்தியாவிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நீர்யானைக்கே பாராட்டு வழங்கியவர். நான் கண்ணாலேயே கெஞ்சினேன்: சார், தயவுசெய்து பேசாதீங்க.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே மேடம்" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"சொல்லவும் மாட்டேன். இந்தப் பொண்ணு தப்பு பண்ணல. மெதுவா பண்ணுது. மெதுவா பண்றதுக்கெல்லாம் ஒருத்தர அனுப்பறதுன்னா, முதல்ல என்னைத்தான் அனுப்பியிருக்கணும். திங்கக்கெழம நீ வாம்மா."

இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன முதல் தெளிவான வாக்கியங்கள் இவைதான். இழுவை இல்லை, ஆகாயம் இல்லை. கதவுக்கு வெளியே இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. இரண்டு நாளாக டீக்கடையில் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுத்தோமே, அந்தக் குரல் இப்போதுதான் வந்தது, எதற்கு வரக் கூடாதோ அதற்கு வந்தது. எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது, தலையில் நறுக்கென்று குட்ட வேண்டும்போலவும் இருந்தது.

மேடம் காபியை மேஜையில் வைத்தார். "அப்ப நான் உங்கள..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "சார், நீங்க வந்து..." மறுபடியும் நிறுத்தினார். அவர் எத்தனையோ பேரை எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் சொன்னதெல்லாம் ஹெச்.ஆரிடம். ஹெச்.ஆரையே எடுப்பதென்றால் யாரிடம் சொல்வது? நேருக்கு நேர், ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து, அவர் இதுவரை சொன்னதில்லை என்பது அந்த நிமிடம் எனக்கே புரிந்தது.

"கஷ்டமாத்தான் இருக்கும் மேடம்" என்றார் தாலாட்டு சார். குரல் பழையபடி இறங்கிவிட்டது. "நான் இந்த வேலைல ரொம்ப நாளா இருக்கேன், எனக்கே வரல. உக்காருங்க. நின்னுக்கிட்டு சொன்னா வாய்ல வராது."

மேடம் உட்கார்ந்தார். இருந்தது ஒரே நாற்காலி.

"சாஞ்சுக்கோங்க. முதல்ல என் பேரைச் சொல்லுங்க. சொல்லிட்டு ஒரு மூச்சு விடுங்க. அவசரமே இல்ல. நான் எங்கயும் போயிடல. இங்கதான் நிக்கிறேன்."

மேடம் அவர் பெயரைச் சொன்னார். மூச்சு விட்டார்.

"நல்லா வருது. என் முகத்தப் பாத்தா கஷ்டமா இருக்குன்னா கண்ண மூடிக்கலாம், தப்பில்ல. இப்ப அடுத்த வார்த்தைய யோசிங்க. வரலன்னா விடுங்க. ஒரு ரயில் வருது. அது போகட்டும், அப்புறமா சொல்லலாம்."

ரயில் வந்தது. மெதுவாகப் போனது. பிற்பகல் வெயில் பிரம்புமேல் சாய்ந்து விழுந்திருந்தது. தன்னை எப்படி வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று அந்த மனிதர் ஒவ்வொரு படியாக, பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கே இமை கனத்தது. ரேவதி என் கையைக் கிள்ளினாள். நிமிர்ந்து பார்த்தேன். சுகந்தி மேடத்தின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்னதாகக் குறட்டைகூட.

தாலாட்டு சார் பேச்சை நிறுத்தினார். ஏசியைக் கொஞ்சம் குறைத்தார். மூன்று பேரும் கால் விரலில் நடந்து வெளியே வந்தோம்.

அதற்குப் பிறகு அந்த ஆபீஸில் நடந்ததை நான் சொன்னால் என் வீட்டுக்காரரே நம்புவதில்லை. யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் போன்கள் ஒவ்வொன்றாக அமைதியாயின. டைப் அடிக்கிறவர்கள் விரல் நுனியால் அடித்தார்கள். யாரோ டி.வி.யை அணைத்துவிட்டார்கள், பச்சையும் சிவப்பும் போய்ச் சுவர் வெறும் சுவராக ஆனது. ஷிஃப்ட் முடிந்தது. வாசல் கதவு அவர் ரூமை ஒட்டினாற்போல் இருக்கிறது. ஒவ்வொருவர் கார்டு தேய்க்கும்போதும் அது கூரையைப் பிய்ப்பதுபோல் பீப் என்று அலறும். முதலில் எழுந்தவன் பாஸ்கர். கதவைப் பார்த்தான், ரூமைப் பார்த்தான், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எவரும் எழவில்லை. வெளியே விளக்குகள் எரிய ஆரம்பித்தன. நாங்கள் எல்லோரும் அரை இருட்டில், வேலையும் செய்யாமல், போகவும் போகாமல் உட்கார்ந்திருந்தோம். அப்படி ஒரு நிம்மதி எந்த ரிசார்ட்டிலும் வராது.

மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது கன்னத்தில் பிரம்பு அச்சு. தலைமுடி ஒரு பக்கம் எழும்பியிருந்தது. எல்லோரும் இருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"எவ்ளோ நேரம் தூங்கினேன்?"

"கொஞ்ச நேரம்தான் மேடம்" என்றார் தாலாட்டு சார்.

மேடம் ஜன்னலைப் பார்த்தார், இருட்டிவிட்டிருந்தது. எதிரே முதல் மேஜை ரேவதியுடையது. மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏன் போகல? உன் பஸ்?"

"பூட்ச்சி மேடம்" என்றாள் ரேவதி. "கதவு பீப்புனு கத்தும். நீங்க முழிச்சிக்குவீங்க."

தன்னை வேலையை விட்டு அனுப்ப வந்தவர் தூங்க வேண்டும் என்று கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் என்ன சொல்வது என்று எந்த மேனேஜ்மென்ட் வகுப்பிலும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். மேடம் தன் கார் சாவியை எடுத்தார்.

"வா, நான் கொண்டு விடறேன். வீட்டுக்குப் போய்ச் சேரவே லேட்டாயிடும். திங்கட்கிழமை அவசரமா கெளம்பி வராத. பஸ் வர்ற நேரத்துக்கு வா."

கண்ணன் அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். அது அலறியது. யாருக்கும் அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தாலாட்டு சார் ஒன்றும் நடக்காததுபோல ரூமுக்குள் போய், மேடம் குடிக்காமல் விட்ட காபிக் கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்து கொஞ்சகாலம் ஆகிறது. அடுத்தடுத்து இரண்டு இடம் மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ரெஸ்யூமே தயார் செய்ய உட்காரும்போது எனக்குக் கோபம் வருகிறது. என்ன படித்தேன், எந்த சாஃப்ட்வேர் தெரியும், எத்தனை பேருக்கு லீடராக இருந்தேன் என்று எழுத எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. நான் தாலாட்டு சாரிடம் வேலை பார்த்தவள் என்று எழுதத்தான் இடமில்லை.